புது இன்ஜின் பிளேன் வாங்கலாமா, பழசையே ஓட்டலாமா: ஒட்டுக்கடை மேசையில உக்காந்து கணக்கு போடறது எப்படி

எங்க ஊரு மலேசியாவுல பந்திங் பக்கம். சுத்திலும் செம்பனை, நடுவுல மாரியம்மன் கோயிலு, தமிழ்ப்பள்ளி, ரெண்டு வரிசை கடை, ஒரு சீனரோட ஒர்க்‌ஷாப்பு, அவ்ளோதான் டவுனு. ஆனா கேஎல்ஐஏ, அதாவது கோலாலம்பூர் ஏர்போர்ட்டு, கிட்டக்க இருக்கறதால பொழுதுக்கும் தலைக்கு மேல பிளேன் போய்க்கிட்டே இருக்கும். 1998ல சிப்பாங்ல அந்த ஏர்போர்ட்ட தொறக்கறதுக்கு முன்னாடி அங்கயும் நம்மூரு மாதிரி தோட்டம்தான். அதனால எங்க ஊரு ஆளுங்க பிளேன நிமிந்து பாக்கறப்ப கொஞ்சம் நம்ம வீட்டுப் பிள்ளையப் பாக்கற மாதிரிதான் பாப்பாங்க.

போன மாசம் சாயங்காலம் ஒட்டுக்கடையில தே ஓ குடிச்சிக்கிட்டு இருக்கேன், ரிடையரான மண்டோர் மாமா ஒருத்தர் மேல பாத்துட்டு கேட்டாரு, "ஏம்ப்பா, இந்த கம்பெனிக்காரனுங்க எல்லாம் புது இன்ஜின் போட்ட பிளேன் வாங்கறானுங்க, எண்ணெ மிச்சம் எண்ணெ மிச்சம்னு பேப்பர்ல போடறானுங்க, அப்பறம் ஏன் திருச்சிக்கு டிக்கெட்டு கொறையல?" நான் ஒரு லோரி கான்ட்ராக்டர்கிட்ட கணக்கு எழுதறவன், தோட்டத்துலேருந்து மில்லுக்கு குலை ஏத்தற லோரிங்களுக்கு டீசல், வாடகை, ரிப்பேரு எல்லாம் என் நோட்டுலதான் இருக்கும், அதனால நான் சொன்னேன், மாமா இது ராக்கெட் விஞ்ஞானம் இல்ல, லோரி கணக்குதான், கொஞ்சம் சைபர் கூட இருக்கும்னு. வெய்பிரிட்ஜ் சீட்டுக்குப் பின்பக்கம் அன்னிக்கு போட்ட கணக்கத்தான் இப்ப ஒழுங்கா எழுதறேன், நீங்களும் போட்டுப் பாக்கலாம். போன்ல கால்குலேட்டர் இருந்தா போதும், மேல போற பிளேன் எதுன்னு காட்டற ஃப்ளைட்ரேடார்24 ஆப் இருந்தா இன்னும் நல்லது.

மொதல்ல எதப் பத்தி பேசறோம்னு தெரிஞ்சிக்கணும். நடுவுல ஒரே ஒரு நடைபாதை, அந்தப் பக்கம் மூணு சீட்டு இந்தப் பக்கம் மூணு சீட்டு, அந்த மாதிரி பிளேன்தான் நம்ம பினாங்குக்கும் கூச்சிங்குக்கும் திருச்சிக்கும் ஏறறது. ஏர்பஸ்ல ஏ320 குடும்பம், போயிங்ல 737 குடும்பம். ரெண்டுமே பழைய டிசைன், 737 மொத மொத பறந்தது 1967ல, ஏ320 வேலைக்கு வந்தது 1988ல. அப்பறம் வந்த ஏ320நியோ, 737 மேக்ஸ் ரெண்டும் பேருக்குத்தான் புதுசு, ஒடம்பு பெரும்பாலும் அதே ஒடம்பு, இன்ஜின்தான் புதுசு. நம்ம ஊருல பழைய வீரா காடியில ஹாஃப்கட் இன்ஜின், அதாவது வேற காடியிலேருந்து வெட்டி எடுத்த இன்ஜின், எறக்குவானுங்களே, அந்த யோசனைதான், என்ன, இவனுங்க ஃபேக்டரியிலயே புது ஒடம்பு செஞ்சு புது இன்ஜின மாட்டி விக்கறானுங்க. நியோங்கற பேரே இங்கிலீஸ்ல நியூ இன்ஜின் ஆப்ஷன்ங்கறதோட சுருக்கம்தான்.

ஏன் மொத்தமா புது பிளேன் செய்யலன்னு கேப்பீங்க. அதுக்கு பில்லியன் கணக்குல டாலரும் பத்து வருசம் கிட்ட டைமும் ஆகும். ஏர்பஸ் 2010 டிசம்பர் 1ந்தேதி நாங்க இன்ஜின் மாத்தி விக்கப்போறோம்னு அறிவிச்சாங்க. போயிங்காரங்க ரொம்ப நாளா புதுசாவே ஒண்ணு செய்யலாமான்னு யோசிச்சிக்கிட்டு இருந்தாங்க. அதுக்குள்ள 2011 ஜூன்ல பாரிஸ் கண்காட்சியில நம்ம ஏர்ஏசியா ஒரே அடியா 200 நியோ ஆர்டர் பண்ணிச்சு, ஜூலைல அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 260 ஏர்பஸ் வாங்கப் போறோம்னுச்சு, அவ்ளோ நாள் போயிங்குக்கே ஒட்டிக்கிட்டு இருந்த கம்பெனி அது. போயிங்குக்கு வேற வழியில்ல, ஆகஸ்ட் கடைசியில மேக்ஸ அறிவிச்சாங்க. வாடிக்கைக்காரன் பக்கத்து கடைக்குப் போறான்னு தெரிஞ்சதும் மெனுவ மாத்தின கதைதான்.

சரி இப்ப தலைக்கு மேல போறது எதுன்னு கண்டுபிடிக்கற வேல. இது எனக்கு ரொம்பப் புடிச்ச வேல, அதனால கொஞ்சம் நீட்டித்தான் சொல்லுவேன். மொதல்ல போயிங்கா ஏர்பஸ்ஸான்னு பாருங்க. வயித்துக்கு அடியில பாத்தீங்கன்னா 737ல சக்கரம் உள்ள போனப்பறமும் ரெண்டு கறுப்பு வட்டம் தெரியும், தோசைக்கல்லு ரெண்ட கவுத்து வச்ச மாதிரி, ஏன்னா அந்த சக்கரத்துக்கு முழுசா மூடற கதவு கெடையாது. ஏ320ல கதவு மூடிக்கும், வயிறு வழுவழுன்னு இருக்கும். மூக்கப் பாத்தா 737க்கு கூரா இருக்கும், ஏர்பஸ்ஸுக்கு உருண்ட மூக்கு. வால் செங்குத்தா எழும்பற எடத்துல 737க்கு ஒரு சரிவான முக்கோணம் முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்கும்.

அடுத்தது புதுசா பழசா. போயிங்னா சுலபம், இன்ஜினோட பின் விளிம்பு ரம்பப் பல்லு மாதிரி வெட்டு வெட்டா இருந்தா மேக்ஸ், நேரா இருந்தா பழைய 737. றெக்கை நுனி மேலயும் கீழயும் ரெண்டா பிரிஞ்சிருந்தாலும் மேக்ஸா இருக்கலாம், ஆனா பழசுலயும் சிலதுக்கு அந்த மாதிரி நுனிய பின்னாடி மாட்டியிருக்காங்க, அதனால பல்லத்தான் நம்பணும். ஏர்பஸ்னா கொஞ்சம் கஷ்டம். றெக்கை நுனி மேல வளைஞ்சிருந்தா நியோன்னு நெறைய பேரு சொல்லுவாங்க, தப்பு, கடைசி காலத்துல வந்த பழைய ஏ320லயும் அந்த நுனி இருக்கு. இன்ஜினோட வாயப் பாக்கணும். பழசோட விசிறி குறுக்களவு 68 அங்குலம், நியோல சிஎஃப்எம் கம்பெனியோட லீப் இன்ஜின்னா 78, பிராட் அண்ட் விட்னியோட கியர் இன்ஜின்னா 81. பத்து அங்குலம்னா மேல போறப்ப என்ன தெரியும்னு நெனைக்காதீங்க, ஒடம்போட ஒப்பிட்டுப் பாத்தா நியோ ரெண்டு கையிலயும் பெரிய அண்டாவ தூக்கிக்கிட்டு வர்ற மாதிரி இருக்கும், ஒரு தடவ கண்ணுல பட்டுச்சுன்னா அப்பறம் மறக்காது.

அதுக்கும் பொறுமை இல்லன்னா ஆப்ப தொறங்க, பிளேன தொடுங்க, மாடல் கோட் வரும். ஏ20என்னு வந்தா ஏ320நியோ, ஏ21என்னு வந்தா ஏ321நியோ, பி38எம்னு வந்தா மேக்ஸ் 8, பி738னு வந்தா பழைய 737-800. டிக்கெட் புக் பண்றப்ப சில சைட்ல 32என், 7எம்8னு வேற கோட் இருக்கும், அதுவும் நியோ, மேக்ஸ்தான். மேக்ஸ்ல ஒரு மலேசியக் கதையும் இருக்கு, உலகத்துலயே மொத மொத ஆளு ஏத்திக்கிட்டு பறந்த 737 மேக்ஸ் நம்ம கேஎல்ஐஏலேருந்து கெளம்பினதுதான், 2017 மே 22, சிங்கப்பூருக்கு, அப்ப மாலிண்டோன்னு பேரு, இப்ப பாதிக் ஏர்.

இன்ஜின் வாய் ஏன் பெருசாச்சுன்னு தெரிஞ்சாத்தான் மிச்சம் எங்கேருந்து வருதுன்னு வெளங்கும். ஜெட் இன்ஜின்ல முன்னாடி விசிறி இழுக்கற காத்துல கொஞ்சம்தான் உள்ள போயி எண்ணெயோட எரியுது, மிச்சம் எல்லாம் வெளிப்பக்கமா சுத்திக்கிட்டு பின்னாடி போயி தள்ளுது. பழைய இன்ஜின்ல உள்ள போற ஒரு பங்குக்கு வெளிய அஞ்சாறு பங்கு, லீப்ல 9லேருந்து 11 வரைக்கும், கியர் இன்ஜின்ல 12. கொஞ்சம் காத்த ரொம்ப வேகமா தள்றதவிட நெறைய காத்த மெதுவா தள்றது லாபம், படகுல சின்ன துடுப்ப அவசர அவசரமா போடறவனையும் பெரிய துடுப்ப நிதானமா போடறவனையும் பாத்திருப்பீங்க. சத்தம் கொறையறதுக்கும் இதே காரணம்தான், எங்க ஊருல பழைய பிளேன் போனா டிவி சத்தத்த கூட்டணும், நியோ போனா கூட்ட வேண்டியதில்ல.

ஆனா பெரிய விசிறின்னா பெரிய வெயிட்டு, பெரிய எடம். ஏர்பஸ் தரையிலேருந்து ஒசரமா நிக்கும், அடியில எடம் இருந்துச்சு, பிரச்சனை இல்ல. 737 அந்தக் காலத்துல படிக்கட்டு வச்சு ஏறி எறங்க, கையிலயே சாமான் ஏத்தன்னு குட்டையா செஞ்சது. மேக்ஸ்ல 69 அங்குல லீப் விசிறிய மாட்டறதுக்கு முன் சக்கரத்தோட கால 8 அங்குலம் நீட்டி, இன்ஜின இன்னும் முன்னாடியும் மேலயும் தள்ளி வச்சாங்க. அப்படி வச்சதால சில நேரம் மூக்கு தானா தூக்கப் பாக்கும், அத அமுக்கறதுக்கு எம்கேஸ்னு ஒரு சாஃப்ட்வேர். அது ஒரே ஒரு சென்சார நம்பி வேல செஞ்சுச்சு, அந்த சென்சார் பொய் சொன்னப்ப என்ன ஆச்சுன்னு உலகத்துக்கே தெரியும், 2018 அக்டோபர்ல லயன் ஏர், 2019 மார்ச்சுல எத்தியோப்பியன், ரெண்டுலயும் சேத்து 346 உயிரு. இருபது மாசம் கிட்ட மேக்ஸ் பறக்கவே இல்ல. அப்பறம் ரெண்டு சென்சாரயும் பாக்கற மாதிரி மாத்தி, பைலட்டுக்கு பயிற்சி குடுத்துதான் 2020 நவம்பர்லேருந்து திரும்ப விட்டாங்க. ஹாஃப்கட் போடறப்ப சீனர் ஒர்க்‌ஷாப்பு அங்கிள் சொல்லுவாரு, இன்ஜின் எறங்கும், ஆனா பிரேக்கும் மவுண்டிங்கும் அதுக்கு ஏத்த மாதிரி பாக்கலன்னா நீ காடி ஓட்டல, காடிதான் உன்ன ஓட்டுதுன்னு.

இப்ப கணக்கு. பேனாவ எடுங்க. ஒரு பழைய ஏ320 ஒரு மணி நேரம் பறக்க சுமாரா 2,400 கிலோ எண்ணெ குடிக்கும். புது இன்ஜின்ல 15 சதவீதம் மிச்சம்னு ஏர்பஸ் ஆரம்பத்துல சொன்ன நம்பரயே எடுத்துக்குவோம். மணிக்கு 360 கிலோ மிச்சம். எல்லாரும் இங்கயே நிறுத்திட்டு ஆகா ஓகோங்கறாங்க. இனிமேத்தான் விசயமே இருக்கு, ஒரு நாளைக்கு எவ்ளோ மணி நேரம் பறக்குதுன்னு கேக்கணும்.

எங்க மொதலாளி தவுக்கேகிட்ட ரெண்டு லோரி இருந்துச்சு, ஒண்ணு பக்கத்து மில்லுக்கு ஓடறது, இன்னொண்ணு கிள்ளான் துறைமுகத்துக்கு ஓடறது. பக்கத்து மில்லு லோரி பாதி நேரம் வெய்பிரிட்ஜ் கியூவுலதான் நிக்கும். அதுக்கு டீசல் மிச்சம் புடிக்கற புது லோரி வாங்கி என்ன புண்ணியம், நிக்கறப்ப எந்த லோரியும் டீசல் குடிக்காது. பிளேனும் அப்படித்தான். பினாங்குக்குப் போற பிளேன் வானத்துல இருக்கறது முக்கா மணி நேரம், ஒரு நாளைக்கு எட்டு நடை அடிச்சாலும் பறந்தது ஆறு மணி நேரம்தான், மிச்சம் எல்லாம் கேட்ல நிக்கறதும் தரையில உருள்றதும். திருச்சிக்குப் போறது ஒரு நடை நாலு மணி நேரம் ஒட்டி, மூணு நடை அடிச்சா பன்னெண்டு மணி. இன்னொண்ணும் இருக்கு, புது இன்ஜின் மிச்சம் புடிக்கறது பெரும்பாலும் மேல போயி நிதானமா ஓடறப்பதான். பினாங்கு போறது ஏறி முடிக்கறதுக்குள்ள எறங்க ஆரம்பிச்சிடும், புது இன்ஜினோட வெயிட்டும் கூட, அதனால அந்த 15 சதவீதமே முழுசா கெடைக்காது.

நடுவுல 11 மணி நேரம்னு வைங்க, வருசத்துக்கு 340 நாள். 360 பெருக்கல் 11 பெருக்கல் 340, வருசத்துக்கு 13 லட்சத்து 46 ஆயிரம் கிலோ, அதாவது 1,346 டன். எண்ணெ டன்னு 700 டாலர்னு வச்சா 9 லட்சத்து 42 ஆயிரம் டாலர் மிச்சம். கேக்க நல்லாருக்கு இல்ல? இருங்க, வாடகை இருக்கே. கம்பெனிங்க நெறைய பிளேன வாடகைக்குத்தான் எடுக்குது, சொந்தமா வாங்கினாலும் பேங்குக்கு தவணை கட்டணும், ஒண்ணுதான். கணக்குக்காக நான் வச்சுக்கற நம்பரு இது, பழசு மாசம் 2 லட்சம் டாலர், புதுசு மூன்றரை லட்சம். வித்தியாசம் ஒன்றரை லட்சம், வருசத்துக்கு 18 லட்சம் டாலர். எண்ணெயில மிச்சம் ஒம்பதரை லட்சம், வாடகையில கூட 18 லட்சம். மண்டோர் மாமா இங்கதான் நிமிந்து ஒக்காந்தாரு. "அப்ப நட்டம்டா?"

அவசரப்படாதீங்கன்னேன். எண்ணெ வெலைய மாத்திப் போடுங்க. டன்னு 1,000 டாலர்னா மிச்சம் 13 லட்சத்து 46 ஆயிரம். 400 டாலர்னா 5 லட்சத்து 38 ஆயிரம்தான். அதே பிளேனு, அதே ரூட்டு, எண்ணெ வெலை மாத்திரம் மாறுனா கணக்கே மாறுது. இதுல ஒரு வேடிக்கை பாருங்க, நியோவுக்கு எல்லாரும் அடிச்சிப் புடிச்சி ஆர்டர் குடுத்த 2011ல கச்சா எண்ணெ பேரலு நூறு டாலருக்கு மேல. மொத நியோவ லுஃப்தான்சாகிட்ட குடுத்தது 2016 ஜனவரி, அதே மாசந்தான் பேரலு முப்பது டாலருக்கும் கீழ விழுந்துச்சு. ஆர்டர் குடுக்கறப்ப இருக்கற வெலை வேற, சாமான் வர்றப்ப இருக்கற வெலை வேற. நம்ம பெரியவங்க பால்மரத்த வெட்டிட்டு செம்பனை நட்டப்பவும் இதே சூதாட்டம்தான்.

எண்ணெயோட நிறுத்தக் கூடாது, சீட்டையும் எண்ணுங்க. பழைய ஏர்ஏசியா ஏ320ல 180 சீட்டு, நியோவுல பின்னாடி கக்கூஸையும் சமையக்கட்டையும் நெருக்கி வச்சு 186 ஆக்கிட்டாங்க. ஆறு சீட்டு, நாளைக்கு ஆறு நடை, 340 நாளு, எம்பது சதவீதம் ரொம்புதுன்னு வச்சா வருசத்துக்கு 9,792 டிக்கெட்டு, தலைக்கு 40 டாலர்னா 3 லட்சத்து 91 ஆயிரம் சொச்சம். எண்ணெ 1,000 டாலர்ல இருக்கறப்ப இதையும் சேத்தா 17 லட்சத்து 38 ஆயிரம், வாடகை வித்தியாசத்த கிட்டத்தட்ட தொட்டாச்சு. இதுலேருந்து ஒரு எச்சரிக்கையும் எடுத்துக்குங்க, விளம்பரத்துல 20 சதவீதம் மிச்சம்னு பாத்தா உடனே கேளுங்க, பிளேனுக்கா சீட்டுக்கான்னு. சீட்டுக்குன்னு சொன்னா அதுல பாதி இன்ஜினு, கொஞ்சம் றெக்கை நுனி, கொஞ்சம் உங்க முட்டிக்காலு.

அடுத்து ரிப்பேரு. புது பிளேனுக்கு மொத சில வருசம் தேன்நிலவு, பெரிசா பிரிச்சுப் பாக்கற வேல ஆறாவது வருசம், பன்னெண்டாவது வருசம்னு வரும். பழசுக்கு அந்த செலவெல்லாம் வாசல்லயே நிக்குது, ஒரு இன்ஜின பிரிச்சு சேத்தாலே பல மில்லியன் டாலர். வாடகையில விழுந்த பள்ளத்துல மிச்சத்த இதுதான் ரொப்பும்னு புதுசு விக்கறவன் சொல்லுவான். பாதி உண்மைதான்.

மீதி பாதியத்தான் நான் ரொம்ப நேரம் மாமாவுக்கு சொன்னேன், ஏன்னா இது எனக்கு வயித்தெரிச்சல். எங்க தவுக்கே மூணு வருசம் முன்னாடி ஒரு புது மாடல் லோரி எடுத்தாரு, டீசல் உண்மையிலயே கம்மிதான், நோட்டுல நானே எழுதினேன். ஏழாவது மாசம் ஒரு பொருளு போச்சு, ஸ்டாக் இல்லன்னுட்டான், இருபத்தி ரெண்டு நாளு லோரி கொட்டாயில நின்னுச்சு. வெட்டின குலை ரோட்டோரமா கெடந்து பழுத்து உதிர்ந்துச்சு, மில்லுல கிரேடு கொறைச்சிட்டான். தவணை மட்டும் தேதி தவறாம போச்சு. ஆறு மாசத்துல மிச்சம் புடிச்ச டீசல் காசு அந்த இருபத்தி ரெண்டு நாளுல போயிடுச்சு, கூட்டிப் பாத்தப்ப எனக்கே கண்ணு கட்டிருச்சு.

பிளேன்ல இதே கதை கியர் இன்ஜினுக்கு நடந்துச்சு. அருமையான யோசனை அது, விசிறிக்கும் டர்பைனுக்கும் நடுவுல கியர் வச்சா விசிறி மெதுவா சுத்தலாம், டர்பைன் அதுக்கு மூணு மடங்கு வேகமா சுத்தலாம், ரெண்டுக்கும் புடிச்ச வேகம். ஆனா 2016ல வந்தப்பவே சூடா இருக்கற இன்ஜின திரும்ப ஸ்டார்ட் பண்ண பல நிமிசம் காத்திருக்க வேண்டியதா இருந்துச்சு, அத சரி பண்ணாங்க. அப்பறம் 2023 ஜூலைல பெரிய இடி, 2015 கடைசியிலேருந்து 2021 வரைக்கும் செஞ்ச இன்ஜின்ல டர்பைன் டிஸ்குக்குப் போட்ட உலோகப் பொடியில அழுக்கு கலந்திருக்கு, விரிசல் விடலாம், கழட்டிப் பாக்கணும்னு கம்பெனியே சொல்லிச்சு. ஒரு இன்ஜின கழட்டி திரும்ப மாட்ட 250லேருந்து 300 நாளு. 2024லேருந்து 2026 வரைக்கும் சராசரியா 350 பிளேன் தரையில நிக்கும்னு அவங்களே கணக்கு குடுத்தாங்க. அதுக்கு முன்னாடியே 2023 மே மாசம் இந்தியாவோட கோ ஃபர்ஸ்ட் ஏர்லைன்ஸ், இன்ஜின் வரல, பாதி பிளேன் நிக்குதுன்னு சொல்லித்தான் திவால் மனு போட்டுச்சு. இண்டிகோ மொதல்ல இந்த இன்ஜினத்தான் வாங்கிச்சு, 2019ல லீப்புக்கு மாறிடுச்சு, 280 பிளேனுக்கு. ஏர்ஏசியா ஆரம்பத்துலேருந்தே லீப்பு. லீப்பும் சொக்கத்தங்கம் இல்ல, சூடும் தூசியும் உள்ள ஊருங்கள்ல நெனச்சதவிட சீக்கிரம் ஒர்க்‌ஷாப்புக்கு வருது.

அதனால உங்க கணக்குல 340 நாளுன்னு போட்ட எடத்துல 300 போட்டுப் பாருங்க. எண்ணெ மிச்சமும் விழும், டிக்கெட்டு வரவும் விழும், வாடகை மட்டும் அசையாது. வாங்கறப்பவே உதிரி இன்ஜின் எத்தனை குடுப்ப, நின்னா நஷ்ட ஈடு என்னன்னு எழுதி வாங்கற கம்பெனிதான் கெட்டிக்காரன், சதவீதத்துக்கு ஆசப்படறவன் இல்ல.

பழசையே வச்சு ஓட்டறவன் முட்டாளும் இல்ல. அமெரிக்காவுல டெல்டா, எம்டி-88னு எண்ணெய குடம் குடமா குடிக்கற பழைய பிளேன 2020 ஜூன் வரைக்கும் ஓட்டிச்சு. கடன் அடைஞ்ச பிளேன், நின்னாலும் தவணை இல்ல, கூட்டம் இருக்கற நாளுக்கு எடுத்து ஓட்டு, இல்லாத நாளுக்கு நிறுத்து. அந்த நாளைக்கு ஆறு மணி நேரக் கணக்க இப்ப போட்டுப் பாருங்க, 360 பெருக்கல் 6 பெருக்கல் 340, டன்னு 700 டாலர்ல 5 லட்சத்து 14 ஆயிரம்தான் மிச்சம். இதுக்குப் போயி வருசத்துக்கு 18 லட்சம் கூடக் கட்டுவியா? நடுவாந்திர வழியும் இருக்கு, பழைய றெக்கையில வளைஞ்ச நுனிய மாட்டினா தூரப் பயணத்துல 3, 4 சதவீதம் கிட்ட மிச்சம், இன்ஜின தண்ணியில கழுவறது, தரையில உருள்றப்ப ஒரு இன்ஜின மட்டும் ஓட்டறது, இதெல்லாம் சில்லறை வேல, ஆனா சேரும்.

கடைசியா கியூ. இன்னிக்கு முடிவு பண்ணா நாளைக்கு பிளேன் வராது. நியோ குடும்பத்துல மட்டும் செஞ்சு குடுக்க வேண்டியது ஏழாயிரத்துக்கு மேல நிக்குது. போயிங்ல 2024 ஜனவரி 5ந்தேதி அலாஸ்கா ஏர்லைன்ஸ் மேக்ஸ் 9ல நடுவானத்துல கதவு அடைப்பு பிச்சிக்கிட்டு போனப்பறம், மாசம் 38க்கு மேல செய்யாதேன்னு அமெரிக்க அரசாங்கம் கடிவாளம் போட்டுச்சு, அடுத்த வருச அக்டோபர்லதான் 42 ஆக்கினாங்க. மலேசியா ஏர்லைன்ஸ் மேக்ஸுக்கு ஆர்டர் குடுத்தது 2016ல, மொத பிளேன் வந்து சேந்தது 2023 நவம்பர்ல. தோட்டத்துல ரீப்ளான்ட் பண்றதுக்கு கன்னு புக் பண்ற மாதிரி நெனச்சுக்குங்க. செம்பனைக்கு இருபத்தஞ்சு வருசம், அப்பறம் மரம் ஒசந்து போயி குலைக்கு அருவா எட்டாது. ஆனா வெட்டின அடுத்த நாளு புது மரம் காய்க்காது, மூணு வருசம் வெறும் செலவுதான். அதனால எந்த மேனேஜரும் ஒரே வருசத்துல தோட்டம் பூராவும் வெட்ட மாட்டான், பிளாக் பிளாக்காத்தான் வெட்டுவான். ஏர்லைன்ஸும் அப்படித்தான் கொஞ்சம் புதுசு கொஞ்சம் பழசுன்னு கலந்து வச்சிருக்கு, எண்ணெ ஏறினா பழச திருப்பிக் குடுக்கும், எண்ணெ எறங்கினா பழசோட வாடகைய நீட்டிக்கும். நீண்ட ரூட்டுக்கு புதுசு, பினாங்கு மாதிரி குட்டி ரூட்டுக்கு பழசுன்னு போடறதும் அதுக்குத்தான்.

இப்ப மாமாவோட கேள்விக்கு வருவோம். திருச்சி ஒரு நடை, நாலு மணி நேரம், மணிக்கு 360 கிலோ, மொத்தம் 1,440 கிலோ மிச்சம். 700 டாலர் வெலையில சுமாரா 1,000 டாலர். 180 பேருக்குப் பிரிச்சா தலைக்கு அஞ்சரை டாலர், நம்ம காசுல இருவது வெள்ளிச் சொச்சம். "அந்த இருவது வெள்ளிய எனக்குக் குடுக்க வேண்டியதுதானே"ன்னாரு. அத வாடகைக்காரன் வாங்கிட்டுப் போயிட்டான் மாமான்னேன். தீபாவளிக்கு முந்தின வாரம் டிக்கெட்டு நானூறு ஐநூறு வெள்ளி ஏறுதே, அது எண்ணெயினால இல்ல, நீங்களும் நானும் ஒரே வாரத்துல ஊருக்குப் போகணும்னு நிக்கறதால.

அவரு நவம்பர்ல போறாரு, அக்கா மகன் கல்யாணம். போன எடுத்து டிக்கெட்ட காட்டினாரு, தட்டிப் பாத்தேன், 320ன்னு மட்டுந்தான் போட்டிருந்துச்சு, என்னு இல்ல. பழசுதான் மாமா, ஆனா அன்னிக்கு காலையில எத அனுப்புவான்னு சொல்ல முடியாது, கடைசி நேரத்துல மாத்துவான், ஏறுறதுக்கு முன்னாடி கேட் கண்ணாடி வழியா இன்ஜின் வாயப் பாருங்கன்னேன். ஏறினப்பறம் பாக்கணும்னா எங்க உக்காரணும்னு கேட்டாரு. றெக்கைக்குக் கொஞ்சம் முன்னாடி சன்னலோரம் எடுங்கன்னேன், தே ஓ காச மேசையில வச்சிட்டு, சீட்டு எடுக்கறதுக்கு தனியா காசு கேப்பானான்னு கேட்டாரு. கேப்பான் மாமா.